விடுபட்ட எழுத்து: ஸ்காபரோவில் தனியே பேருந்து ஏறிய ஒரு பிலிப்பினோப் பராமரிப்பாளர்

2024ஆம் ஆண்டு ஜனவரி நடுப்பகுதியில் ஒரு வியாழக்கிழமை மாலை, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், நாற்பத்தொரு வயதுப் பெண் ஒருவர் வீட்டுக்குப் போகும் பேருந்து என்று நம்பி ஏறிய பேருந்திலிருந்து, வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் இறங்க நேர்ந்து, பனி வழிக்கப்படாத நடைபாதையில் முப்பத்தைந்து நிமிடங்கள் தனியே நடந்து வீடு சேர்ந்தார். அவரை யாரும் தாக்கவில்லை, விபத்து எதுவும் நடக்கவில்லை, எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. ஆனால் மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரம் முழுவதும் வாடகைக் காரில் போய் வந்தார். ஒன்ராறியோவில் அன்றைய குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16.55 டொலர், ஒரு வழிக் காருக்கே அவருடைய இரண்டு மணி நேரச் சம்பளம் போயிற்று. அந்தக் கணக்கை அவர் என்னிடம் சொன்ன நாளில்தான் இதை நிதானமாக ஆராய்ந்து எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஸ்காபரோவில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு உதவும் நிலையம் ஒன்றில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், நான் அவரைக் கூப்பிடுவதுபோலவே இங்கும் ஆத்தே என்று குறிப்பிடுகிறேன். பிலிப்பைன்ஸில் மூத்த சகோதரியை அழைக்கும் சொல் அது. காதுக்கு நம்முடைய ஆத்தாவையும் அத்தையையும் நினைவூட்டினாலும் பொருள் அக்கா என்பதே. அவர் முதல் இரண்டு மாதங்கள் என்னை மேடம் என்றே அழைத்தார்.

ஆத்தே செபு நகரத்தின் தலம்பான் பகுதியைச் சேர்ந்தவர். வீட்டில் பேசும் மொழி செபுவானோ. தகலொக் பள்ளிக்கூடத்தில் படித்தது, ஆங்கிலம் அதற்கும் மேலாகப் படித்தது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கனடாவில் 9 லட்சத்து 57 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பெருந்தொகையான பெண்கள் முதியவர்களையும் குழந்தைகளையும் பராமரிக்கும் வேலைக்காக வந்தவர்கள். இவரும் 2019இல் தொடங்கப்பட்ட வீட்டுப் பராமரிப்பாளர் முன்னோடித் திட்டத்தின் கீழ் 2023 ஒக்டோபரில் தனியாக வந்தார். கணவரும் மகனும் செபுவில் இருக்கிறார்கள்.

பேருந்து இந்தக் கதைக்குள் எப்படி வந்தது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 1992 முதல் 2014 வரை நடைமுறையிலிருந்த பராமரிப்பாளர் திட்டத்தில், வேலை கொடுப்பவரின் வீட்டிலேயே தங்கியிருப்பது கட்டாயம். அந்தக் கட்டாயம் எத்தனை பெண்களின் ஓய்வையும் தனிமையையும் பறித்தது என்பதை அந்தக் காலத்தில் வந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2014 நவம்பர் இறுதியில் அது நீக்கப்பட்டது. பராமரிப்பாளருக்குச் சொந்தக் கதவும் சொந்தச் சாவியும் கிடைத்தன. அவற்றோடு விடிகாலைப் பேருந்தும் இரவுப் பேருந்தும் சேர்ந்தே வந்தன. வேலை இருக்கும் வீடுகள் வசதியான பகுதிகளில் இருக்கின்றன. வாடகை கட்டுப்படியாகும் அறைகளோ நகரத்தின் ஓரங்களில் இருக்கின்றன. ஆத்தே வேலை செய்யும் வீடு லாரன்ஸ் வீதியும் டொன் மில்ஸ் வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகில் உள்ளது. அவருடைய நிலவறை அறை அதே லாரன்ஸ் வீதியின் கிழக்கே, கல்லோவே வீதிக்கு அருகில். இரண்டையும் இணைப்பது 54ஆம் இலக்கப் பேருந்து. ஒரே வீதி, ஒரே பேருந்து. நாங்கள் எல்லோரும் அவரிடம் அப்படித்தான் சொன்னோம்.

பொதுப் போக்குவரத்தில் ஆத்தே அனுபவம் இல்லாதவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இருபது ஆண்டுகள் அவர் ஜீப்னியில் போய் வந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க இராணுவம் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டிக் கட்டியதில் பிறந்த அந்த வண்டிக்குப் பின்பக்கம்தான் வாசல். குனிந்து ஏறி, எதிரும் புதிருமாக நீண்ட இரண்டு பலகைகளில் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகே கட்டணம். காசைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து "பிளெத்தே" என்றால், அது கைக்குக் கை மாறிச் சாரதியிடம் போகும். மிச்சக் காசு அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். இறங்க வேண்டிய இடம் வந்ததும் கம்பியில் ஒரு நாணயத்தால் தட்டியோ, "லுகர் லங்" என்று குரல் கொடுத்தோ நிறுத்தலாம். குறித்த தரிப்பிடம் என்று கட்டாயம் கிடையாது. வண்டி எங்கே போகிறது என்பது அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். போதாததற்கு, கூட்டம் கூடும் இடங்களில் ஊர்ப் பெயர்களைக் கூவி ஆள் ஏற்றுபவர்களும் உண்டு. வாசிக்கத் தெரியாதவர்கூடத் தவறான வண்டியில் ஏறுவது கடினம்.

அத்தனை தேர்ச்சியும் ரொறன்ரோவில் முதல் நாளே அவருக்கு எதிராகத் திரும்பியது. முன்வாசலால் ஏறினார், உட்காரப் போனார், கட்டணம் கேட்டுக் கூப்பிடப்பட்டார். பெரியவர்களுக்கான ரொக்கக் கட்டணம் 3.35 டொலர், ஆத்தே ஐந்து டொலர் தாளைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளங்கையை விரித்தபடி நின்றார். இங்கே சாரதி மிச்சக் காசு கொடுப்பதில்லை. சரியான தொகையோடு வருவது பயணியின் பொறுப்பு. சாரதி தலையை அசைத்து, மாற்றுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார். அதை வெறும் ரசீது என்று எண்ணிய ஆத்தே, இறங்கியதும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். அன்று அவர் இன்னொரு பேருந்து மாற வேண்டியிருந்தது. சீட்டு இல்லாததால் மறுபடியும் முழுக் கட்டணம். அந்தக் காலத்தில் பிலிப்பைன்ஸில் ஜீப்னியின் குறைந்தபட்சக் கட்டணம் 13 பேசோ. இங்கே ஒரு தடவை ஏறுவதற்கு 130 பேசோவுக்கும் மேல். கையை விரித்து நின்ற அந்தச் சில விநாடிகளை ஆத்தே மூன்று தடவை என்னிடம் விவரித்திருக்கிறார். பணம் போனதைவிட, வரிசையில் பின்னால் நின்றவர்கள் பார்த்தது அவரை அதிகம் சுட்டிருக்கிறது. செபுவானோவில் அதற்கு உலாவ் என்று பெயர். நம்முடைய வெட்கத்துக்கும் அவமானத்துக்கும் இடையில் நிற்கும் சொல்.

நவம்பரிலும் டிசம்பரிலும் இப்படிச் சிறு இடறல்கள் பல. பின்கதவு தானாகத் திறக்கும் என்று காத்திருந்து தரிப்பிடத்தைத் தவறவிட்டார்; பச்சை விளக்கு எரிந்த பிறகு கதவின் மஞ்சள் பட்டையைத் தள்ள வேண்டும் என்பதை ஒரு பள்ளி மாணவன் காட்டிக் கொடுத்தான். ஜன்னலோரம் ஓடும் மஞ்சள் கயிறு எதற்கு என்று தெரியாமல், யாராவது இழுத்துத் தன் தரிப்பிடத்தில் நிற்கும் நாளெல்லாம் அதிர்ஷ்டம் என்று எண்ணியிருந்தார். இவை எதையும் அவர் எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் கேட்டபோதெல்லாம் "பிரச்சினை இல்லை, மேடம்" என்பதே பதில். நாங்களும் அதை நம்பினோம்.

அந்த வியாழக்கிழமை வேலை முடிந்து ஆத்தே தரிப்பிடத்துக்கு வந்தபோது மணி ஏழைத் தாண்டியிருந்தது. பகல் முழுவதும் பனி கொட்டியிருந்தது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையையும் தாண்டிப் போயிருந்தது. குளிரில் கைத்தொலைபேசியின் மின்னேற்றம் மளமளவென்று இறங்கி, பேருந்து வருவதற்கு முன்பே அணைந்துவிட்டது. பனித்தூறலுக்கு ஊடாக வந்த பேருந்தின் நெற்றியில் 54 என்ற இலக்கமும் லாரன்ஸ் கிழக்கு என்ற பெயரும் தெரிந்தன. ஏறிப் பிரெஸ்டோ என்ற கட்டண அட்டையைத் தட்டி, பின்பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கம்போலக் காதால் எண்ணிக்கொண்டு போனார்: மாக்கம் வீதி, ஸ்காபரோ கோல்ஃப் கிளப் வீதி, ஓர்ட்டன் பார்க் வீதி. அதற்குப் பின் கல்லோவே வர வேண்டும். ஆனால் பேருந்து லாரன்ஸ் வீதியை விட்டு இடப்பக்கம் திரும்பியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. எஞ்சியிருந்த இரண்டு பேரும் இறங்கினார்கள். சாரதி திரும்பிப் பார்த்து, இதுதான் கடைசித் தரிப்பிடம் என்றார்.

ஆத்தே முன்னால் போய் "கல்லோவே" என்று மட்டும் சொன்னார். சாரதி பொறுமையாகவே பதில் சொன்னார் என்று ஆத்தே உறுதியாகச் சொல்கிறார்: பின்னால் வரும் வண்டியில் ஏறுங்கள், மறுபடி காசு தேவையில்லை. அவர் சொன்ன வாக்கியத்தில் ஆத்தேயின் காதில் தெளிவாக விழுந்தவை இரண்டு சொற்கள்தாம். சாரதி சொன்னது "நெக்ஸ்ட் ஏ". ஆத்தே கேட்டது "நெக்ஸ்ட் டே". அடுத்து வரும் 54ஏ என்பது, நாளைக்குத்தான் அடுத்த பேருந்து என்று மாறிவிட்டது. ஆத்தே "யெஸ் சார், தேங்க் யூ" என்று சொல்லி இறங்கினார். சாரதியும் புரிந்துவிட்டது என்று எண்ணியிருப்பார். லாரன்ஸ் வீதிக்குத் திரும்பி வந்து, கிழக்கு எது என்று கடைகளின் வெளிச்சத்தை வைத்துக் கணித்து, நடக்கத் தொடங்கினார். பாதி வழியில் ஒரு பேருந்து அவரைக் கடந்து போனது. அது தன்னுடையதாக இருக்க முடியாது என்றே அவர் நம்பினார், ஏனென்றால் இன்றைக்கு இனிப் பேருந்து இல்லை. கால்களில் செபுவிலிருந்து கொண்டுவந்த துணிச் சப்பாத்து.

ஆராய்ச்சிக்குரிய இடம் இதுதான். 54ஆம் பேருந்துக்கு இரண்டு கிளைகள் இருந்தன. 54ஏ கிழக்கு எல்லையில் ஸ்டார்ஸ்பிரே வரை போகும். 54பி ஓர்ட்டன் பார்க்கோடு திரும்பிவிடும். பயணிகள் அதிகம் உள்ள மேற்குப் பாதியில் அடிக்கடி வண்டி ஓட வேண்டும், கிழக்குக் கோடிக்கு அத்தனை வண்டிகள் தேவையில்லை என்பதால் நீண்ட தடங்களை இப்படிப் பிரிப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. அந்தத் தகவல் பேருந்தின் நெற்றியில் எழுதப்பட்டும் இருந்தது. அப்படியானால் ஆத்தே ஏன் அதைப் பார்க்கவில்லை? எழுத்தின் பொருள் தெரியாததாலா? நான் முதலில் அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன். அதை அவரிடம் வாசித்துக் காட்டியபோது, முதன்முறையாக என்னை மறுத்துப் பேசினார்.

செபு நகரத்து ஜீப்னிகள் இலக்கமும் எழுத்தும் சேர்ந்த குறியீடுகளோடுதான் ஓடுகின்றன. லஹுக் பகுதிக்குப் போவது 04எல். தலம்பானிலிருந்து கொலோன் வீதிக்குப் போவது 13சி. அதே தலம்பானிலிருந்து கார்போன் சந்தைக்குப் போவது 13பி. எழுத்து மாறினால் போய்ச்சேரும் இடம் மாறும் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும், யாரும் "13இல் ஏறு" என்று சொல்லவே மாட்டார்கள், அப்படிச் சொன்னால் அது முடியாத வாக்கியம் என்றார் ஆத்தே. "நீங்கள் எல்லோரும் 54 என்றுதான் சொன்னீர்கள். எழுத்து இருந்தால் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தேன்."

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு தேடிப் பார்த்தேன். வேலை கொடுத்த குடும்பம் எழுதிக் கொடுத்த தாளில் 54. எங்கள் நிலையத்தின் வரவேற்புக் கையேட்டில் 54. நான் என் கைப்பட எழுதிய துண்டிலும் 54. லாரன்ஸ் வீதியில் நெடுங்காலம் வாழ்பவர்கள் எல்லோரும் அந்தப் பேருந்தை இலக்கத்தால் மட்டுமே அழைக்கிறோம், எழுத்தைக் கண் தானாகப் பார்த்துக்கொள்கிறது. பார்க்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை என்பதால், இன்னொருவருக்கு வழி சொல்லும்போது அது வாய்க்கு வருவதும் இல்லை. எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு எழுத்தே இல்லை என்று நாங்கள்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம். எங்கள் அறிமுக வகுப்பில் வழிகாட்டி வரைபடம் இருந்தது, கட்டண விவரம் இருந்தது, அட்டை வாங்கும் இடம் இருந்தது. வழக்கமாகப் பயணம் செய்பவர் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறார் என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

இதிலிருந்து வேறொன்றும் விளங்கியது. இலங்கையிலிருந்து வந்த நம்மவர்களுக்கு முதல் வாரத்தில் ஏற்படும் தடுமாற்றம், வீதியின் எந்தப் பக்கத்தில் நின்று பேருந்தைப் பிடிப்பது என்பது. அங்கே வாகனங்கள் இடப்பக்கம் ஓடுகின்றன, இங்கே வலப்பக்கம். நான் எதிர்த்திசைப் பேருந்தில் ஏறிய நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால் புதியவர்களுக்கு வழி சொல்லும்போதெல்லாம் அதை மட்டும் விரிவாக விளக்குவேன். பிலிப்பைன்ஸில் ஏற்கெனவே வலப்பக்கம்தான். ஆத்தேக்குத் தேவையே இல்லாத பாடத்தை அக்கறையோடு நடத்திவிட்டு, தேவையானதை விட்டிருக்கிறேன். அவருக்குச் சிக்கல் திசைப் பெயர்களில் இருந்தது. ரொறன்ரோவில் பேருந்தும் ரயிலும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்றே அடையாளம் காட்டப்படுகின்றன. செபுவிலோ வண்டி போய்ச்சேரும் ஊரின் பெயரே திசை.

இன்னொரு காரணம் மௌனம். ஜீப்னியில் காசைக் கைமாற்றும்போதே பேச்சு வந்துவிடுகிறது. இங்கே நாற்பது பேர் ஒரே வண்டியில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், காதில் ஒலிக்கருவியோடு போகிறார்கள். கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள்தாம், ஆனால் கேட்பதற்கு ஒரு வாசல் இல்லை. அந்த மௌனத்தில் ஆத்தேக்குத் துணையாக இருந்தது தரிப்பிடங்களை அறிவிக்கும் பதிவுக் குரல் ஒன்றுதான். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. பார்வையற்ற வழக்கறிஞரான டேவிட் லெபோஃப்ஸ்கி, ஒவ்வொரு தரிப்பிடமும் உரக்க அறிவிக்கப்பட வேண்டும் என்று ரொறன்ரோ போக்குவரத்து ஆணையத்துக்கு எதிராக ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் போராடி, 2007இல் பேருந்துகளுக்கும் டிராம்களுக்கும் அந்த உரிமையை வென்றார். பார்வையற்றோருக்காகப் பெறப்பட்ட அந்தத் தீர்ப்பை, வீதிகளின் பெயர்களை இன்னும் அறியாத புதியவர்கள் ஒவ்வொரு நாளும் அனுபவிக்கிறார்கள். ஓர்ட்டன் பார்க் வரை ஆத்தே வழி தவறவில்லை என்பதை அவர் காது உறுதியாகச் சொல்லியது அதனால்தான்.

பெப்ரவரியில் நான்கு சனிக்கிழமைகள் நாங்கள் சேர்ந்து பயணம் செய்தோம். நான் வழி சொல்வதில்லை என்பது நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு. அவர் முன்னால், நான் இரண்டு இருக்கை பின்னால். தவறினால் தவறிய இடத்தில் இறங்கி, அங்கிருந்து அவரே வழி கண்டுபிடிக்க வேண்டும். நான் கூட இருப்பேன், அவ்வளவுதான். முதல் சனிக்கிழமை அவர் ஒரு பள்ளிக் கொப்பியில் நீண்ட கோடு ஒன்றைக் கிழித்து, தரிப்பிடங்களைக் காதால் கேட்டு எழுதினார். எழுத்துக்கூட்டல் செபுவானோ ஒலியில் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அங்கே கண்ட ஒன்றைக் குறித்தார்: சிவப்புக் கூரைக் கோப்பிக்கடை, பச்சை நிறத் தேவாலயக் கதவு, சாறி கட்டிய பொம்மைகள் நிற்கும் ஜன்னல். கோட்டின் நடுவில் ஓர்ட்டன் பார்க்குக்கு நேரே ஒரு குறுக்குக் கோடு; இடப்பக்கம் பி, அதைத் தாண்டி ஏ. 954 என்ற விரைவுப் பேருந்தும் அதே வீதியில் ஓடியது, அது எல்லா இடங்களிலும் நிற்காது என்பதை இடையில் ஒரு வேலைநாளில் நடைமுறையில் கண்டுகொண்டோம். தரிப்பிடம் கண்ணெதிரே ஓடி மறைந்தபோது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொப்பியைத் திறந்து, 9 என்ற இலக்கத்தை எழுதி, அதன்மேல் ஒரு புள்ளி வைத்தார்.

கைத்தொலைபேசி அணைந்தாலும் தளராதிருக்க ஒரு வழி தேவைப்பட்டது. ஒவ்வொரு தரிப்பிடக் கம்பத்திலும் ஓர் எண் இருக்கிறது. அதை 898882 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அடுத்த வண்டிகள் எத்தனை நிமிடத்தில் வரும் என்று பதில் வரும். இணைய வசதி வேண்டியதில்லை, பழைய பொத்தான் தொலைபேசியே போதும். ஆத்தே தன் இரண்டு தரிப்பிடங்களின் எண்களையும் கையுறையின் உட்புறத்தில் பேனாவால் எழுதிவைத்தார், ஏனென்றால் பனி ஒட்டிய கம்பத்தில் எண்ணை வாசிக்க முடியாது. இந்த யோசனை எங்கள் கையேடு எதிலும் இல்லை.

பணத்தைப் பற்றிய பயம் நீங்கியதுதான் பெரிய மாற்றம். 2018 ஓகஸ்ட் முதல், பிரெஸ்டோ அட்டையை ஒரு தடவை தட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை பேருந்தும் மாறலாம், திரும்பியும் வரலாம், 3.30 டொலர் ஒரே ஒருமுறைதான் கழியும். இது தெரிந்திருந்தால் அந்த வியாழக்கிழமை அவர் நடந்திருக்க மாட்டாரோ என்னவோ. மறுபடி காசு தேவையில்லை என்று சாரதி சொன்னதும் அவர் காதில் விழுந்திருக்கும். ரொக்கச் சீட்டில் பட்ட அனுபவத்தால், ஏறும்போதெல்லாம் காசு என்றே அவர் மனதில் பதிந்திருந்தது. உண்மையை அறிந்த வாரமே வேலைக்குப் போகும் வழியில் மாக்கம் வீதியில் இறங்கி, பத்துக் கிலோ அரிசி வாங்கிக்கொண்டு, அதே கட்டணத்தில் அடுத்த பேருந்தில் ஏறிப் போனார். வாசலில் தட்டும்போது காசு கழியாமல் வெறும் ஒலி மட்டும் வந்தது என்று மகனுக்குக் காணொளி அழைப்பில் சொல்லிச் சிரித்தாராம்.

மூன்றாம் சனிக்கிழமை எங்கே போவது என்பதை அவரே முடிவு செய்தார். பத்தர்ஸ்ட் வீதியும் வில்சன் வீதியும் சந்திக்கும் இடம், ரொறன்ரோவின் பிலிப்பினோக்கள் சின்ன மணிலா என்று அழைக்கும் சந்தி. 54ஏயில் எக்லிங்டன் நிலையம், அங்கிருந்து சுரங்க ரயிலில் வடக்கே இரண்டாவது நிலையமான யோர்க் மில்ஸ், பிறகு 96 வில்சன் பேருந்தில் மேற்கே. நகரத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்குப் பாதிக்கு மூன்று வண்டிகள். யோர்க் மில்ஸ் நிலையத்தில் மட்டும் ஒரு நிமிடம் தயங்கினார். 96க்கும் எழுத்துகள் உண்டா என்று சாரதியிடம் கேட்டார். நான் அறிய, பேருந்துச் சாரதியிடம் அவர் முழு வாக்கியமாகக் கேட்ட முதல் கேள்வி அது. வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம், ஒரே கட்டணம். கருவாட்டை அவர்கள் புவாட் என்கிறார்கள். அந்தக் கடை வாசலில் எழுந்த மணத்தில் எனக்குப் பருத்தித்துறை நினைவு வந்தது, அவருக்குத் தலம்பான். பணம் அனுப்பும் கடையிலும், ஊருக்குப் பெட்டி அனுப்பும் கடையிலும் அவர் செபுவானோ பேசுகிறவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசியதைக் கேட்டபோது, இத்தனை மாதங்களாக எங்களிடம் வந்த அந்த மெல்லிய குரல் இவருடையதுதானா என்று இருந்தது.

இரவுப் பயணம் மட்டும் மீதியிருந்தது. ஏப்ரலில் அவருடைய வேலை நேரம் இரவு பத்து வரை நீண்டது. கல்லோவே தரிப்பிடத்திலிருந்து அவர் வீட்டுக்குத் திரும்பும் வழியில், இரண்டு தரிப்பிடங்களுக்கு நடுவே ஒரு வெளிச்சமற்ற நீளம் உண்டு. 1987 முதல் 1990 வரை இதே ஸ்காபரோவில், இரவில் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்த பெண்கள் தொடர்ந்து தாக்கப்பட்டார்கள். பெண்கள் அமைப்புகளின் வலியுறுத்தலும் சேர்ந்து, 1991இல் ரொறன்ரோ போக்குவரத்து ஆணையம் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை தனியே பயணம் செய்யும் பெண், தரிப்பிடங்களுக்கு இடையிலும் தனக்குப் பாதுகாப்பான இடத்தில் இறக்கிவிடும்படி சாரதியைக் கேட்கலாம். 2011இல் அது எல்லாப் பயணிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு தரிப்பிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும், முன்கதவால் இறங்க வேண்டும், இரண்டே விதிகள். ஸ்காபரோவில் இருபது ஆண்டுகளாக வாழும் நம் பெண்கள் பலருக்கும் இது தெரியாது என்பதை இந்த ஆய்வின்போது கேட்டுப் பார்த்து அறிந்தேன். தெரிந்த சிலரும், சாரதியைத் தொந்தரவு செய்வானேன் என்று கேட்பதில்லை.

நான் இதை விளக்கி முடிப்பதற்குள் ஆத்தே இடைமறித்தார். "லுகர் லங்?" என்றார். ஆம், அதுதான். ஊரில் இருபது ஆண்டுகள் ஒவ்வொரு நாளும் சொன்னதும், இங்கே இல்லை என்று எண்ணி ஏங்கியதும் இதுவே. அவர் இந்த நாட்டுக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அது இங்கே இருந்திருக்கிறது. எங்கள் அறிமுக வகுப்பில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

நிலையத்தின் கையேட்டில் இப்போது 54க்கு இரு எழுத்துகளும் சேர்க்கப்பட்டுள்ளன, இரவு நிறுத்தம் பற்றிய பந்தியும் உண்டு. கிளைகள் கொண்ட மற்றத் தடங்களைத் திருத்தும் வேலை பாதியில் நிற்கிறது. வகுப்பறையில் இருந்தபடி அதைச் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு தடத்திலும் புதியவர் ஒருவரோடு போய், அவர் கேட்பதையும் கேட்கத் தயங்குவதையும் குறித்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அதற்கு ஆள் போதவில்லை. குளிர்காலச் சப்பாத்து இல்லாமல் வருபவர்களின் விடயத்தில் இன்னும் ஒரு தீர்வும் காணவில்லை.

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஓர் இரவு, ஓர்ட்டன் பார்க் தாண்டியதும் ஆத்தே எழுந்து முன்னால் போய், மனப்பாடம் செய்திருந்த ஆங்கில வாக்கியத்தைச் சொன்னார். சாரதி கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே, தெருவிளக்கின் நேர் கீழே, அவருடைய வீட்டு வேலிக்கு எதிரில் பேருந்து ஓரங்கட்டி நின்றது. முன்கதவு திறந்தது. அவர் கதவைச் சாவியால் திறந்து உள்ளே போகும்வரை வண்டி நகரவில்லை என்று எனக்கு எழுதிய குறுஞ்செய்தியில் இருந்தது. மணி 10.52 என்றும் எழுதியிருந்தார்.